நாற்பத்தைந்து நிமிடம் யாருக்கு?

 

மூன்று நாட்களாக எங்கள் ஊர் முகநூல் முழுக்க ஒரே படம். இலங்கை வரைபடம். மட்டக்களப்பில் ஒரு சிவப்புப் புள்ளி, கொழும்பில் ஒரு சிவப்புப் புள்ளி, இரண்டையும் இணைத்து அடிமட்டம் வைத்துக் கீறிய மாதிரி ஒரு நேர்கோடு. கீழே பெரிய எழுத்தில்: "தூரம் 220 கி.மீ. பறக்கும் நேரம் 45 நிமிடம். விமான நிலையத்தைப் பெரிதாக்கினால் கிழக்கின் கஷ்டம் தீர்ந்தது." அதற்குக் கீழே நூற்றுக்கணக்கில் "மாஷா அல்லாஹ்", கைதட்டல், இதயம். எங்களிடம் படித்த பிள்ளைகளே பகிர்ந்திருக்கிறார்கள்.

கணக்குப் படிப்பித்தவர்கள் நாங்கள். பிள்ளைகள் பிழையான கணக்கைப் பகிர்ந்தால் குற்றம் எங்களிலும் உண்டு. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள். வாசித்த பிறகு ஏசுவதாக இருந்தால் ஏசுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லி விடுகிறோம். 220 கி.மீ. என்பது பொய்யில்லை. ரத்மலானையிலிருந்து மட்டக்களப்பு விமான நிலையத்துக்கு வானத்தில் நேர்கோடு போட்டால் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். இந்த மாதிரிச் சிறிய ஓடுபாதைகளுக்கு வரும் சின்ன விமானம் மணிக்கு 300 கி.மீ. அளவில் பறக்கும். 220ஐ 300ஆல் வகுத்து 60ஆல் பெருக்கினால் 44. ஆகவே விடை சரி. கேள்விதான் பிழை.

"பறக்கும் நேரம்" யாருடைய நேரம்? அது விமானத்தின் நேரம். விமானக் கம்பனி அட்டவணையில் போடும் நேரமும் விமானம் தரிப்பிடத்திலிருந்து அசைவதில் தொடங்கி, மற்ற ஊரில் போய் நிற்பதோடு முடிகிறது. பயணியின் நேரம் வீட்டு வாசலில் தொடங்குகிறது. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு நாற்பது கி.மீ., ஒரு மணி நேரம். முன்கூட்டியே போய்க் காத்திருக்க இன்னொரு மணி நேரம். பறப்பது முக்கால் மணி. ரத்மலானையில் இறங்கிக் காலி வீதி நெரிசலில் கொழும்புக்குள் நுழைய இன்னும் முக்கால் மணி. மூன்றரை மணி நேரம் ஆகி விட்டது.

"சேர், மூன்றரையும் எட்டை விடக் குறைவுதானே?" என்று கேட்பீர்கள். குறைவுதான். மறுக்கவில்லை. அந்த மூன்றரை மணி நேரம் யாருக்குக் கிடைக்கும் என்பதுதான் எங்கள் கேள்வி.

கொஞ்ச நாளைக்கு முன் வகுப்பில் வரைபட வேலை கொடுத்தோம். இலங்கைப் படத்தில் கல்முனைக்கும் கொழும்புக்கும் இடையிலான தூரத்தை அடிமட்டத்தால் அளந்து, அளவிடையைக் கொண்டு கிலோமீற்றரில் எழுத வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகள் 225 என்று எழுதினார்கள். சரி. ஒரு பிள்ளை மட்டும் அளக்கவே இல்லை. "கொழும்புக்குத் தூரம் ஒரு ராத்திரி" என்று எழுதியிருந்தான்.

சிவப்புப் பேனையை எடுத்தோம். பிழை போடக் கை வரவில்லை.

அந்தப் பிள்ளையின் தங்கச்சிக்கு இருதயத்தில் பிறவியிலேயே ஒரு குறை. கொழும்பில் ஒரு பெரிய வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நடந்து, அதற்குப் பிறகு சில மாதங்களுக்கு ஒரு தடவை கிளினிக். உம்மாவும் வாப்பாவும் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு இஷாவுக்குப் பிறகு பஸ் ஏறுவார்கள். அவன் மூத்தம்மா வீட்டில் படுப்பான். விடிந்தால் அவர்கள் கொழும்பில் இருப்பார்கள். அடுத்த நாள் விடிந்தால் திரும்பி வீட்டில் இருப்பார்கள். அவனுக்குத் தெரிந்த தூரம் அதுதான். அவன் எங்களை விடச் சரியாக அளந்திருக்கிறான்.

அந்த ஒரு ராத்திரிக்குள் என்ன இருக்கிறது என்று எங்கள் கரையோர மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தப் படத்தைக் கீறியவருக்குச் சொல்ல வேண்டும்.

வானத்தில் 225 கி.மீ. தரையில் எந்தப் பாதையால் போனாலும் 300ஐத் தாண்டும். காரணம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: நடுவில் மலைநாடு நிற்கிறது. ஒன்றில் மட்டக்களப்பு, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று வடக்கால் சுற்ற வேண்டும். அல்லது அம்பாறை, மஹியங்கனை வழியாகப் போய்ப் பதினெட்டு வளைவு ஏறிக் கண்டியால் இறங்க வேண்டும். மூன்றாவது, பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய, இரத்தினபுரி வழி. நாட்டின் மிக நீளமான பெருந்தெருவான ஏ-4 அதுதான். கொழும்பில் தொடங்கி மட்டக்களப்பில் முடிய ஏறக்குறைய 430 கி.மீ. எங்கள் கடைத்தெருக்களின் நடுவால் போகிற ரோட்டுத்தான் கொழும்பு வரை போகிறது. ஆனால் அதில் போனால் வானத்து 220 இரண்டு மடங்காகி விடும்.

இரவு எட்டு, ஒன்பது மணிக்கு ஏறினால் விடிய நாலு, ஐந்துக்குப் புறக்கோட்டை. வைத்தியசாலையில் நம்பர் எடுக்க ஆறு மணிக்கு வரிசை. இடையில் அந்த ஒன்றரை மணி நேரம் ஆண் பிள்ளை என்றால் பள்ளிவாசலில் ஒதுங்கலாம், ஸுப்ஹு தொழுதுவிட்டுத் தூணில் சாயலாம். கைக்குழந்தையோடு வந்த உம்மா எங்கே ஒதுங்குவது? எங்கே குழந்தைக்கு உடுப்பு மாற்றுவது? எங்கே அவர் முகம் கழுவுவது? பஸ் நிலையத்துச் சீமெந்துக் கட்டில் உட்கார்ந்து விடியும் வரை பார்த்துக்கொண்டிருக்கிற எங்கள் பெண்களை நாங்கள் கண்டிருக்கிறோம். தமிழ்ப் பெண்கள், முஸ்லிம் பெண்கள், அம்பாறையிலிருந்து வந்த சிங்களப் பெண்கள். ஒரே கட்டில், ஒரே தூக்கம்.

இப்போது அந்தப் பறக்கும் நேரத்தை இங்கே கொண்டு வந்து பாருங்கள். விமானம் பகலில் பறக்கும். காலை ஆறு மணி வரிசைக்குப் பகல் விமானத்தில் போக வேண்டுமென்றால் முதல் நாளே போக வேண்டும். முதல் நாள் போனால் இரவு தங்க ஓர் அறை வேண்டும். மூன்று பேருக்குக் கொழும்பில் ஓர் அறை என்ன விலை? மக்கள் இரவு பஸ்ஸை விரும்பியா எடுக்கிறார்கள்? அது அவர்களுக்குப் போக்குவரத்து மட்டுமல்ல. அதுதான் அவர்களுடைய லொட்ஜ். டிக்கெட் காசுக்குள் ஒரு ராத்திரி தங்கலும் அடக்கம்.

கொள்ளளவையும் பாருங்கள். சின்ன விமானத்தில் பத்துப் பேர் என்று வைப்போம். ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர். எங்கள் கரையிலிருந்து ஒரு இரவில் புறப்படுகிற ஒரே ஒரு பஸ்ஸின் ஆட்களைக் கொண்டு போக ஐந்து பறப்பு வேண்டும். எத்தனை பஸ்கள் போகின்றன என்று ஒரு நாள் இரவு கல்முனைச் சந்தியில் நின்று எண்ணிப் பாருங்கள். ஆசனத்தின் விலையோ பஸ் கட்டணத்தின் பல மடங்கு. ஆக அந்த 45 நிமிடம் இருக்கிறது, அது உண்மை. ஆனால் அது எங்கள் பெயரில் எழுதப்பட்டதல்ல.

அப்படியென்றால் கிழக்குக்கு விமானம் வேண்டாம் என்கிறீர்களா? இல்லை. அறுகம்பைக்கும் பாசிக்குடாவுக்கும் வருகிற வெளிநாட்டவர் விமானத்தில் வரட்டும். அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு நாலு வேலை கிடைத்தால் சந்தோஷம். உயிராபத்தில் இருக்கிற நோயாளியை ஏற்றிச் செல்ல அந்த ஓடுபாதை உதவினால் இரட்டிப்புச் சந்தோஷம். வசதி உள்ளவர் பறக்கட்டும், யாரும் பொறாமைப்படவில்லை. அதை எங்கள் கஷ்டத்தின் மருந்து என்று எங்களிடமே விற்க வராதீர்கள் என்றுதான் சொல்கிறோம்.

விமான நிலையம் கட்டினால் விமானம் வரும், விமானம் வந்தால் ஊர் முன்னேறும் என்று நம்புகிறவர்கள் மத்தளயைப் பார்க்க வேண்டும். 2013 மார்ச்சில் திறந்தார்கள். 20 கோடி டொலருக்கு மேல் செலவு, பெரும் பகுதி சீனக் கடன். மூன்றரைக் கிலோமீற்றர் ஓடுபாதை. பயணிகள் வரவில்லை. ஒரு கட்டத்தில் அதன் களஞ்சியத்தில் நெல் மூட்டை அடுக்கினார்கள். நெல் விளைவிக்கிற எங்கள் மாவட்டத்துக்கு நெல் அடுக்க இன்னொரு விமான நிலையம் தேவையில்லை.

ஆனால் அதே தெற்குக்கு இன்னொன்றும் போனது. அதை யாரும் படம் போட்டுப் பகிர்வதில்லை. கொட்டாவையிலிருந்து காலி வரை 2011இல் தொடங்கிய அதிவேக நெடுஞ்சாலை, மாத்தறை தாண்டி, 2020இல் அம்பாந்தோட்டையைத் தொட்டது. மொத்தம் 222 கி.மீ. இந்த இலக்கத்தைக் கவனியுங்கள். அந்தப் படத்திலிருக்கிற நேர்கோடும் ஏறக்குறைய அதே நீளம். அங்கே 222 கி.மீ. தரையில், பஸ்ஸில், இரண்டரை மூன்று மணி நேரம். இங்கே அதே 220 கி.மீ. ஒரு ராத்திரி. தூரம் ஒன்று, நாடு ஒன்று, வரி ஒன்று. நேரம் மட்டும் வேறு. ஏன் என்று கேட்டால் மலையைக் காட்டுவார்கள்.

சரி, மலையை விடுவோம். மலையே இல்லாத இடத்தைப் பார்ப்போம். புகையிரதப் பாதை மட்டக்களப்புக்கு வந்தது 1928இல். வெள்ளைக்காரன் காலம். அதற்குப் பிறகு அந்தத் தண்டவாளம் தெற்கே ஒரு மைல் நகரவில்லை. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று ஊருக்கு ஊர் மதில் முட்டுகிற அளவுக்கு மக்கள் நெருங்கி வாழ்கிற சமதரைக் கரை. குடைய வேண்டிய குன்று இல்லை. எங்கள் மூத்தாப்பாமார் "கோச்சி வரும்" என்று சொல்லிக்கொண்டே மௌத்தாகிப் போனார்கள். தேர்தலுக்குத் தேர்தல் அந்தக் கோச்சி மேடையில் ஓடுகிறது. இறங்கியதும் நின்று விடுகிறது.

பணமில்லை, முடியாது என்பார்கள். மாத்தறையோடு நின்றிருந்த தெற்குப் பாதையை 2019 ஜனவரியில் பெலியத்த வரை நீட்டினார்கள். நூறு வருடத்துக்கு மேல் நின்ற இடத்திலிருந்து கிட்டத்தட்ட 27 கி.மீ. அதில் 600 மீற்றருக்கு மேல் நீளமான சுரங்கம் ஒன்றும் குடைந்தார்கள். மட்டக்களப்பிலிருந்து கல்முனை நாற்பது கி.மீ. சுரங்கம் வேண்டாம். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? தெற்கு மக்களோடு எங்களுக்குக் கோபமில்லை. அவர்களுக்குக் கிடைத்தது அவர்களுடைய உரிமை. அவர்களுடைய பிரதிநிதிகள் கேட்டார்கள், கிடைத்தது. எங்கள் பிரதிநிதிகள் என்ன கேட்டார்கள்?

இங்கே கசப்பான ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். கல்முனையில் பிரதேச செயலக எல்லைக்காக நாங்களும் தமிழ்ச் சகோதரர்களும் எத்தனை வருடம் மல்லுக்கட்டினோம்! இரண்டு பக்கமும் உண்ணாவிரதம், ஹர்த்தால், அறிக்கை. யார் சரி யார் பிழை என்று இந்தப் பதிவில் பேச வரவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறோம். இரவு ஒன்பது மணிக் கொழும்பு பஸ்ஸில் ஏறும்போது எந்தச் செயலகப் பிரிவு என்று யாராவது கேட்கிறார்களா? இரு பக்கத்து நோயாளியும் ஒரே பஸ்ஸில்தான் தலை ஆட்டித் தூங்குகிறார்கள். 2023 ஜூலையில் கதுருவெலையிலிருந்து கிழக்கு நோக்கி வந்த பஸ் மன்னம்பிட்டிப் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தபோது, தண்ணீர் யாருடைய இனத்தையும் பார்க்கவில்லை. எல்லைக்காகச் சேர்த்த கூட்டத்தில் பாதியைத் தண்டவாளத்துக்காகச் சேர்த்திருந்தால் இன்றைக்குக் கதை வேறு.

யுத்த காலத்தோடு ஒப்பிட்டால் இப்போது எவ்வளவோ மேல் என்று சிலர் சொல்வார்கள். உண்மை. சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி ஏறிய காலத்தை நாங்கள் மறக்கவில்லை. மட்டக்களப்புக்குக் கோச்சியே வராத வருடங்களும் இருந்தன. ஆனால் யுத்தம் முடிந்தது 2009இல். அந்த வருடம் பிறந்த பிள்ளைகள் பாடசாலை முடித்து வெளியேறுகிறார்கள். எத்தனை காலத்துக்குக் குண்டு விழுந்த நாளோடு ஒப்பிட்டுத் திருப்திப்படுவது?

இன்னொரு ஒப்பீடு எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. உம்ரா போய் வந்த எந்தப் பெரியவரையும் கேளுங்கள். "ஜித்தாவில இருந்து கட்டுநாயக்காவுக்கு வந்தது ஒண்டும் தெரியல்ல மகன், கட்டுநாயக்காவில இருந்து வீட்ட வந்ததுதான் இடுப்ப முறிச்சிட்டு" என்பார். ஜித்தாவுக்கும் கட்டுநாயக்காவுக்கும் இடையில் வானத்தில் 4,600 கி.மீ.க்கு மேல். நேரடி விமானம் என்றால் சுமார் ஆறு மணி நேரம். அரபிக்கடலைத் தாண்டி வருவதை விடச் சொந்த நாட்டுக்குள் வீடு வந்து சேர அதிக நேரம்! சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். நாங்களும் சிரித்துக்கொண்டே கேட்கிறோம். அதுதான் எங்கள் பிழை.

இனி எங்கள் உண்மையான வாதத்துக்கு வருகிறோம். இவ்வளவு நேரமும் எப்படிச் சீக்கிரம் போவது என்றே பேசினோம். அந்தப் படம் எங்களைப் பேச வைத்ததும் அதைத்தான். ஆனால் அந்தத் தங்கச்சியின் வாப்பாவிடம் ஒரு நாள் கேட்டோம்: "காக்கா, கடைசியாகப் போனபோது டொக்டர் என்ன செய்தார்?"

"ரிப்போட்டப் பாத்தார் சேர். நல்லா இருக்கு எண்டார். அடுத்த திகதி போட்டுத் தந்தார்."

"ரிப்போட் எங்கே எடுத்தது?"

"இங்கதான், மட்டக்களப்புல."

"டொக்டரோடு எவ்வளவு நேரம்?"

யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒரு மூணு நிமிஷம் இருக்கும்."

மூன்று நிமிடம். மட்டக்களப்பில் எடுத்த அறிக்கையை மூன்று நிமிடம் காட்டுவதற்காக ஒரு குடும்பம் இரண்டு இரவு, ஒரு பகல், இரண்டு நாள் கூலி, மூன்று பேரின் தூக்கம். டொக்டரில் பிழையில்லை. அவர் முன்னால் நூறு பேர் நிற்கிறார்கள். ஆனால் அந்த மூன்று நிமிடத்துக்கு அந்தக் குழந்தை கொழும்புக்குப் போகத்தான் வேண்டுமா? மாதத்துக்கு ஒரு தடவை அந்த விசேட வைத்தியர் மட்டக்களப்புக்கோ கல்முனைக்கோ வந்தால் ஐம்பது குடும்பங்களின் நூறு ராத்திரிகள் மிஞ்சும். இந்த 45 நிமிட விமானத்தில் பறக்க வேண்டியவர் யார் என்று இப்போது தெரிகிறதா? நோயாளி இல்லை. வைத்தியர்! அவரை அரசாங்கச் செலவில் விமானத்தில் அனுப்புங்கள். அந்த விமானத்துக்கு நாங்களும் கைதட்டுகிறோம்.

வைத்தியம் ஒன்று. மற்றவற்றை எண்ணிப் பாருங்கள். எங்களிலேயே எத்தனை ஆசிரியர்கள் ஒரு கடிதத்தில் ஒரு கையெழுத்துக்காகக் கொழும்பு போயிருக்கிறோம்! இணையத்தில் விண்ணப்பிக்கலாம் என்பார்கள். விண்ணப்பித்தால் "மூலப்பிரதியோடு நேரில் வாருங்கள்" என்று பதில் வரும். போனால், உரியவர் இன்றைக்கு லீவு. அல்லது "பன்னிரண்டு மணிக்குப் பிறகு பொதுமக்கள் நாளில்லை". எங்களில் ஒருவர், பெயரில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த ஒரே வருடத்தில் மூன்று முறை போனார். பிழை விட்டது அலுவலகம். பயணம் போனது அவர். ஓர் எழுத்துக்கு மூன்று தடவை போய் வந்ததில் ஆறு ராத்திரி.

மார்க்கத்தில் பயணிக்கு ஒரு மரியாதை உண்டு. ஏறக்குறைய எண்பது கி.மீ.க்கு மேல் போனால் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கலாம், நோன்பைப் பிறகு பிடிக்கலாம். பயணம் கஷ்டம் என்று படைத்தவனே கணக்கில் எடுத்திருக்கிறான். முந்நூறு கி.மீ. தாண்டி வந்த ஒரு கிழவியைப் பார்த்து, "நாளைக்கு வாங்க" என்று சொல்கிற கவுண்டருக்கு அந்தக் கணக்குத் தெரியாது. தூரம் கிலோமீற்றரில் மட்டும் இல்லை. எத்தனை தடவை எங்களைப் போக வைக்கிறார்கள் என்பதில்தான் முக்கால்வாசித் தூரமும் இருக்கிறது. விமானம் விட்டால் ஒரு தடவைப் போக்கு வேகமாகும். தடவைகள் குறையாது.

தடவையைக் குறைத்துக் காட்டிய உதாரணம் எங்கள் கண் முன்னாலேயே இருக்கிறது. ஒலுவில். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகவும் 1996இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாகவும் எழுந்தது. மர்ஹூம் அஷ்ரஃப் அவர்களுடைய அரசியலோடு யாருக்கு என்ன கருத்து வேறுபாடு இருந்தாலும் இதை ஒப்புக்கொள்வார்கள். எங்கள் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு வேகமாகக் கொண்டு போவது எப்படி என்று அவர் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்தை எங்கள் பிள்ளைகளிடம் கொண்டு வந்தார். "தூரத்துக்கு அனுப்ப மாட்டோம்" என்று வாப்பா உம்மா மறித்திருக்கக்கூடிய எத்தனை பெண் பிள்ளைகள் காலையில் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பட்டதாரியாகி, இன்றைக்கு எங்களோடு ஒரே ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள்! எந்த அதிவேகப் பாதையும் செய்யாத வேலை அது.

அதே ஒலுவிலில் 2013இல் துறைமுகமும் திறந்தார்கள். பெருங்கடன், பெரிய விழா. வாயில் மண் மூடியது. பக்கத்துக் கரையைக் கடல் அரித்தது. தென்னந்தோப்பு போனது. ஒரே ஊர். ஒன்று மக்களின் தேவையை அளந்து கொண்டு வந்தது, மற்றது படத்துக்கு அழகாக இருந்தது. இந்த விமான நிலையக் கனவு இரண்டில் எதன் தம்பி என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அந்த மனிதர் 2000 செப்டம்பர் 16ஆம் திகதி எங்களை விட்டுப் போனது எந்தப் பயணத்தில் என்பதும் நினைவிருக்கட்டும். கொழும்பிலிருந்து அம்பாறைக்கு. ஹெலிகொப்டரில். அரநாயக்க மலையில். வானத்துக் குறுக்குப் பாதை எங்களுக்குப் புதிதில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கையைச் சுருக்கமாக எழுதி விடுகிறோம். பிரதிநிதிகள் யாராவது வாசித்தால் கணக்கில் எடுக்கட்டும்.

ஒன்று: கொழும்புக்கு வந்தேயாக வேண்டும் என்று இன்னும் வைத்திருக்கிற ஒவ்வொரு அலுவலக வேலைக்கும் காரணம் சொல்லுங்கள். காரணம் இல்லாதவற்றை மாவட்டத்துக்கு அனுப்புங்கள்.

இரண்டு: விசேட வைத்தியர்களின் தொடர் கிளினிக்குகளை மாதம் ஒரு தடவையாவது கிழக்கில் நடத்துங்கள்.

மூன்று: தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு வரிசையில் முன்னுரிமை கொடுங்கள். அடையாள அட்டையில் விலாசம் இருக்கிறதே, பார்த்தால் தெரியும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

நான்கு: இரவு பஸ்ஸில் வந்திறங்குகிற பெண்களுக்குப் புறக்கோட்டையில் பூட்டும் விளக்கும் உள்ள ஓய்வறை ஒன்று.

ஐந்து: மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை தண்டவாளம். ஒரே நாளில் கேட்கவில்லை. முதலில் கல்முனை வரை.

இந்த ஐந்தும் நடந்த பிறகு விமான நிலையத்தைப் பற்றி ஆறாவதாகப் பேசுவோம்.

அந்தப் படத்தைப் பகிர்ந்த பிள்ளைகளுக்கு: உங்களை ஏசவில்லை. ஊர் முன்னேற வேண்டும் என்ற ஆசையில்தான் பகிர்ந்தீர்கள். அந்த ஆசை நல்லது. ஆனால் ஒரு வேலை செய்யுங்கள். இந்தப் பதிவுக்குக் கீழே, நீங்களோ உங்கள் வீட்டாரோ கடைசியாக எதற்காகக் கொழும்பு போனீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். எத்தனை மணி நேரம் பயணம், எத்தனை நிமிடம் வேலை. இரண்டு இலக்கம் போதும். வைத்தியசாலை, அலுவலகப் பெயர், டொக்டர் பெயர் எதுவும் வேண்டாம். யாரையும் மாட்டி விடுவது எங்கள் நோக்கமில்லை. தமிழ், முஸ்லிம், சிங்களம் எந்த ஊராக இருந்தாலும் எழுதலாம். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பட்டியலாக்கி இரு மாவட்டப் பிரதிநிதிகளின் கையிலும் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.

முதல் வரியை நாங்களே எழுதுகிறோம், அந்தப் பிள்ளையின் வாப்பாவிடம் அனுமதி கேட்டுத்தான்: கிளினிக். போக எட்டரை மணி நேரம், வர ஒன்பது. வேலை மூன்று நிமிடம்.

அடுத்த வரி உங்களுடையது.